காட்டுப்பூனைக்குக் கழுத்து நீளம்

லேத் பிடிக்கிறவன் கையில் அரை மணி நேர ஓய்வும் ஒரு முழம் பித்தளைக் கம்பியும் ஒன்றாகக் கிடைத்துவிட்டால், அவன் குடும்பம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான் போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு படகு ரிப்பேர் பட்டறையில் டர்னர், லேத்தில் உலோகம் கடைகிறவன். பெயர் துரைப்பாண்டி. அப்பா ராமநாதபுரத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீடு புரோத்ராபூரில். வெற்றிலை பாக்கு கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. எனக்கு வந்த வியாதி வேறு.

ரைஃபிள் தோட்டாவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சின்ன பாட்டில் மாதிரி இருக்கும். உடம்பு, சரிந்த தோள், ஒல்லியான கழுத்து, கழுத்தில் செருகிய குண்டு. கம்பெனிகள் அதைச் சில அளவுகளில்தான் செய்கின்றன. வெளிநாட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் சில ஆர்வக்கோளாறுகளுக்கு அந்த அளவுகள் போதாது. கழுத்தை நெருக்கி, தோளை ஏற்றி இறக்கி, எந்தக் கம்பெனியும் செய்யாத அளவில் தாங்களே ஒன்றை உருவாக்குவார்கள். அதற்கு வைல்ட்கேட் என்று பெயர், நம் பாஷையில் காட்டுப்பூனை. ஒரு மழைக்காலத்தில் கப்பலெல்லாம் ரத்தாகி, பட்டறையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது போனில் அப்படி ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர், ஆயிரத்தில் ஒரு அங்குலத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், சாமி சன்னதியில் பேசுவது போல. அன்றைக்கு விழுந்தவன்தான். துப்பாக்கியை நான் அதுவரை தொட்டதில்லை. இன்றுவரையும் தொட்டதில்லை.

தபால்தலை சேர்க்கிறவர்களே, மொட்டைமாடியில் புறா வளர்க்கிறவர்களே, பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு மூட முடியாமல் முழிக்கிறவர்களே, நீங்களெல்லாம் என் ரத்த சொந்தங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன், உங்களுக்குப் புரியும்.

அனுமதி

ஆசை வந்ததும் முதலில் பயம் வந்தது. இந்த ஊரில் தோட்டா என்ற வார்த்தையைச் சொன்னாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கே போனேன். உள்ளே ஓட்டை இல்லாத கெட்டிப் பித்தளையில், வெறும் உருவம் மட்டும் கடைந்து வைத்துக்கொள்கிறேன், வேறொன்றும் இல்லை என்று எழுதியிருந்தேன். மாதிரிக்கு ஒன்றைக் கடைந்தும் எடுத்துப் போயிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வடக்கத்திக்காரர், இங்கே வந்து தமிழ் கற்றுக்கொண்டவர். மனுவை இரண்டு தரம் படித்தார். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வெடிமருந்து? இல்லை. சுடத் தெரியுமா? தெரியாது. மாதிரியை மேஜையில் நிறுத்தி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். யார் பார்த்தாலும் பொம்மை என்று தெரிகிற மாதிரி ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு துளை போட்டுவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். மனுவில் முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். நான் கும்பிட்டுவிட்டு வாசல்வரை வந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பந்தூக் இல்லே, பாரூத் இல்லே, சுட்றதும் இல்லே. இதுக்கு போலீஸ் பர்மிஷன் எதுக்கு பாய்? போய் பீவி பர்மிஷன் வாங்கு!"

மாமியார் கேட்டது

பீவி பர்மிஷன் சுலபமாகவே கிடைத்தது. மனைவி சுகந்தி, "வீட்டுக்குள்ள பித்தளைச் சுருள் விழக்கூடாது, கால்ல குத்துது" என்ற ஒரே நிபந்தனையோடு விட்டுவிட்டாள். மாட்டிக்கொண்டது அவள் அம்மாவிடம். மாமியார் ஊரிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கி, தலைசுற்றல்கூட முழுசாகத் தீராத நேரம். நான் வாசலில் நின்று ஞானத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஞானம் என் சிநேகிதன், கட்சால் தீவில் பிறந்தவன். தீவுகளுக்குப் போய்வரும் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை. சிக்னல் கிடைக்கிற இடத்தில் கப்பல் நின்றால் எனக்குப் போன் போடுவான். என் பைத்தியத்தைப் பொறுமையாகக் கேட்கும் ஒரே காது அவனுடையது.

அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "கழுத்து நல்ல நீளம் ஞானம், அப்படியே கண்ணுல நிக்குது. தோள் மட்டும் கொஞ்சம் சரிஞ்சிருக்கு. பழசுல இடுப்பு பெருத்துப்போச்சு, அதைக் கை விட்டுட்டேன். இனிமே இதுதான். வீட்டுல இன்னும் காட்டல."

உள்ளே மாமியார் தட்டை நகர்த்திவிட்டார். சோறு இறங்கவில்லை என்றார். சுகந்தியைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கண்ணீரோடு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரியிலிருந்து என் புதுத் தோட்டாவை எடுத்து அம்மா கையில் வைத்து, "இவதாம்மா அவ" என்றாள். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறுக்குத் துளை வழியாக ஒரு கண்ணை வைத்தும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"இதுக்கு ஒரு பொம்பளையே தேவலாம் போலிருக்கேடி!"

எலி

அக்கம்பக்கத்தில் செய்தி வேறு மாதிரி பரவியது. பாண்டி வீட்டில் காட்டுப்பூனை தயார் செய்கிறான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னையும் பாக்குமாகத் தோட்டம் வைத்திருக்கும் ராஞ்சிக்காரர் ஒருநாள் காலையிலேயே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். இளநீர்க் குரும்பையையெல்லாம் எலி கடித்துத் தள்ளுகிறது, ஒரு ஜோடி குட்டி கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். பழத்தை வாங்கிக்கொண்டுவிட்டேன், வெறும் கையோடு அனுப்ப மனசு வரவில்லை. உள்ளே கூப்பிட்டு, வெல்வெட் துணியில் வரிசையாக நிற்க வைத்திருந்த பதினோரு காட்டுப்பூனைகளையும் காட்டினேன். கழுத்து நீளத்துக்கும் குண்டு நேராகப் போவதற்கும் உள்ள சம்பந்தத்தையும் விளக்கினேன். அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"படியா ஹே பாய், ரொம்ப ஜோர். இதைத் தோட்டத்துல வைக்கிறேன். எலி பாத்துச் சிரிச்சே செத்துரும்."

கடல் தண்ணிக்கு வழி

எங்கள் ஃபோர்மேன் வங்காளி. மண்டல் தா என்று கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் 'தா' என்றால் அண்ணன். ஒரு மீன்பிடிப் படகின் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் உள்ளே ஓடுவதற்கு, குழாய்த்துண்டு மாதிரி பித்தளை புஷ் ஒன்று கடையச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அரைநாள் வேலை. நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். மனசு முழுக்கத் தோட்டாவின் அளவுகளிலேயே ஓடிக்கொண்டிருந்ததால், கை தன்னால் ஆயிரத்தில் ஒரு அங்குலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. நான் செய்த புஷ்களிலேயே அதுதான் அழகு.

மாட்டினார்கள். ஷாஃப்ட் உள்ளே போனது, ஆனால் சுழலவில்லை. இரண்டு ஆள் சேர்ந்து திருகியும் அசையவில்லை. வெயில் காலம் முடிந்து காற்று மாறுவதற்குள் கடலுக்குப் போக வேண்டிய படகு. ஜங்லிகாட்டிலிருந்து வந்த படகுக்காரர் தெலுங்கில் என் பரம்பரையை விசாரித்தார். பட்டறை முதலாளி, "இன்னொரு தடவை இப்படி ஆனா வேற இடம் பாத்துக்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு சொல் விழுந்ததில்லை. காது சூடாகி நின்றேன். மண்டல் தாதான் முன்னால் வந்து, பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, புஷ்ஷைக் கழற்றி மறுபடி லேத்தில் ஏற்றினார். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விடுகிற இடுக்கு வழியாகக் கடல் தண்ணீர் ஓடித்தான் ஷாஃப்ட்டைக் குளிர வைக்கும் என்பது முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும், அன்றைக்குத் தெரியவில்லை. அவர் கடைசிச் சீவல் சீவிவிட்டு என் தோளில் தட்டினார்.

"அரே பாண்டி, சமுந்தர் தண்ணி எங்கே போகும்? அதுக்கும் கொஞ்சம் ஜகா விடு பாபா!"

ஏலக்காய்

மச்சினி மகள் காதுகுத்துக்கு மெயின்லேண்ட் போகப் புறப்பட்டோம். விமான நிலையத்தில் எங்கள் பை மட்டும் எக்ஸ்ரே மெஷினுக்குள்ளேயே நின்றது. முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. திரையைப் பார்த்த ஆள் எழுந்து நின்றார். நாலு பேர் வந்துவிட்டார்கள். தோட்டாக்கள் எல்லாவற்றையும் நான்தான் எண்ணி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன், பதினொன்று. பன்னிரண்டாவது ஒன்று இருந்ததும், பெரிசாக வந்துவிட்டது என்று நானே ஒதுக்கியதை சுகந்தி ஏலக்காய், இஞ்சி தட்டுவதற்காகச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டுபோனதும், ஊருக்குக் கட்டிய டீத்தூள் டப்பாவில் அது ஏலக்காயோடு சேர்ந்து பயணப்பட்டதும் அங்கே வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். முத்திரை குத்திய மனுவின் படம் நல்லவேளையாக போனில் இருந்தது. குறுக்குத் துளையைப் பார்த்தார்கள், கெட்டிப் பித்தளை என்று எடை போட்டுப் பார்த்தார்கள், ஒரு நோட்டில் என் கையெழுத்தை வாங்கினார்கள். விமானத்துக்குக் கடைசி அழைப்பும் வந்துவிட்டது. சுகந்தி பயப்படவே இல்லை. அதைத் திருப்பித் தரமாட்டோம் என்று சொன்னபோதுதான் கோபப்பட்டாள், அத்தனை வாகாக ஒரு குழவி இனிமேல் எங்கே கிடைக்கும் என்று. அங்கிருந்த பெண் அதிகாரி, சிரிக்கக்கூடாது என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"எத்தனையோ தோட்டா பிடிச்சிருக்கேன். மோந்து பாத்ததும் டீ குடிக்கணும்போல இருக்கிறது இது ஒண்ணுதான். போங்க, ஓடுங்க, ஃப்ளைட் போயிரும்!"

ஐயா

காட்டுப்பூனைக்காரர்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு கூட்டம் உண்டு. பல தேசத்து ஆட்கள். என் நீளக்கழுத்துத் தோட்டாவின் வரைபடத்தை அதில் போட்டேன். கழுத்து நீளமாக இருந்தால் குண்டைக் கோணாமல் நேராகப் பிடித்துக்கொள்ளும், அதனால் குறி தப்பாது என்பது என் கட்சி. அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்கள். "இது தோட்டாவா, ஒட்டகச்சிவிங்கியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரே ஒருவர் மட்டும், 'கிழட்டு ஆடு' என்ற பொருளில் புனைபெயர் வைத்திருந்தவர், ஆஸ்திரேலியாக்காரர், "சிரிக்கிறதுக்கு முன்னால யாராவது அளந்து பாத்தீங்களா?" என்று எழுதினார். அதிலிருந்து பதினாலு மாதம் அவருக்கு 'டியர் சார்' போட்டு எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்ற அர்த்தம் வருகிற எல்லா ஆங்கில வார்த்தைகளும் தீர்ந்துபோய்விட்டன.

ஒருநாள் அவர், உங்கள் தோட்டாவை நானே செய்து சுட்டுப் பார்க்கப்போகிறேன், எங்கள் ஊரில் இதற்கு லைசென்ஸ் இருக்கிறது, முதலில் முகம் பார்த்துப் பேசுவோம் என்றார். வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு வீடியோ காலில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பாட்டியம்மா, கையெல்லாம் கோதுமை மாவு. வீட்டில் ஐயா இல்லையா என்று கேட்டேன். நான்தான் அந்தக் கிழட்டு ஆடு, பேர் ஐரீன், கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் என்றார். பதினாலு மாதத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். மாவுக் கையால் வேண்டாம் என்று ஆட்டினார்.

"எழுபத்தோரு வயசுல என்னை யாரும் இவ்வளவு மரியாதையா ஐயான்னு கூப்பிட்டதில்லை. தயவுசெய்து நிறுத்திடாதீங்க."

ஏழரை

இதில் ஒரு வழக்கம் உண்டு. குண்டின் குறுக்களவைப் போட்டு, பக்கத்தில் உருவாக்கினவர் பெயரை வைப்பார்கள். என்னுடையது ஆறரை மில்லிமீட்டர். 'ஆறரை பாண்டி' என்று வைத்தே தீருவேன் என்று ஐரீனம்மா சொன்னதை சுகந்தியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை.

"ஆறரை என்ன ஆறரை? ஏழரைன்னு வைக்கச் சொல்லுங்க. அதுதான் பாண்டிக்குப் பொருத்தம்."

ரப்பர் சட்டி

ஐரீனம்மா தனக்குத் தெரிந்த ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் என் அளவுக்கு ஒரு குழல் தயார் செய்துகொண்டார். கம்பெனித் தோட்டாவின் காலிக்கூட்டை என் வரைபடப்படி நெருக்கி வடித்துக்கொண்டார். முதல் முறை சுட்டுவிட்டு எழுதிய கடிதம் நாலே வரி. வெடித்தது. வெடித்ததும் கூடு குழலிலேயே ஒட்டிக்கொண்டது. முன்பக்கமாகக் கம்பி விட்டுத்தான் தள்ள வேண்டியிருந்தது. மூன்றுக்கு மூன்றும் அப்படித்தான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் ஒட்டகச்சிவிங்கிப் படங்களாக அனுப்பினார்கள். வரைபடத்தை எத்தனை தடவை பார்த்தும் தப்பு தெரியவில்லை. உடம்பைத் துளிகூடச் சரிவில்லாமல், அடியிலிருந்து தோள்வரை ஒரே நேராக வரைந்திருந்தேன். அதில்தான் எனக்குப் பெருமையே. ஞானம் போன் போட்டபோது, இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் அப்பா கட்சால் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினவர். சிலோனிலிருந்து வந்தபோது அந்த ஒரு தொழிலைத்தான் கொண்டுவந்தார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே ஞானம் கத்தினான்.

"என்னா பாண்டி, இதுகூடவா தெரியல? எங்கப்பா பால் உறைய ஊத்துற சட்டி அடி குறுகி, வாய் அகண்டு இருக்கும். ஒரே நேரா இருந்திருந்தா உறைஞ்ச ரப்பரு வெளிய வருமா?"

ஐந்து ஓட்டை

உடம்பில் மயிரிழைச் சரிவு கொடுத்து மறுபடி வரைந்து அனுப்பினேன். இரண்டாவது சோதனையை வீடியோவில் காட்டுகிறேன் என்று ஐரீனம்மா சொன்ன நாளில் புரோத்ராபூரில் சிக்னல் செத்துக் கிடந்தது. ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டிக்கு ஓடினேன். ஞானத்தின் கப்பல் காற்று காரணமாகத் தாமதம், அவனும் வந்து நின்றான். இந்தக் கூத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்க்கிறேன் என்று சுகந்தியும் வந்திருந்தாள். மூட்டையும் கோழிக்கூடையுமாகக் கப்பலுக்குக் காத்திருந்த சனம், கிரிக்கெட் மேட்ச் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு எங்களைச் சுற்றி நின்றது. "ஸ்கோர் கித்னா?" என்று ஒருவர் கேட்டார்.

படம் உறைந்து நின்றது. சத்தம் மட்டும் வந்தது, ஓலைமட்டை விழுந்தது போல ஒரு 'டப்'. வாழ்க்கையில் என் தோட்டா போட்ட முதல் சத்தம். அப்புறம் ஒரு உலோகச் சிணுங்கல். கூடு தானாக வெளியே வந்து கீழே விழுந்துவிட்டது என்று ஞானம் என் கையை இறுக்கிப் பிடித்தான். மொத்தம் ஐந்து. ஐரீனம்மா போனைக் கையில் பிடித்தபடி குறிப்பலகைக்கு நடந்தார். அவர் மூச்சிரைப்பு ஜெட்டி முழுக்கக் கேட்டது. யாரென்றே தெரியாத அத்தனை பேரும் சேர்ந்து அந்த நூறு மீட்டரை நடந்தோம். காகிதத்தில் ஐந்து ஓட்டைகள், ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் மறைந்துவிடும். ஜெட்டியில் கை தட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

பிறகு ஐரீனம்மா இன்னொரு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காலையில் அவருடைய பழைய துப்பாக்கியில், கடையில் வாங்கிய தோட்டாவால் சுட்டது. அதிலும் ஐந்து ஓட்டை. அதே அகலம். முடியளவும் வித்தியாசம் இல்லை. "பாண்டி, வாழ்த்துகள். உங்க தோட்டா கடைத் தோட்டாவுக்குக் கொஞ்சமும் குறைவில்லை!" என்றார், டீச்சர் நூற்றுக்கு நூறு போடும் குரலில். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இங்கே நான் பித்தளையில் கனவு கண்டது எங்கேயோ ஒரு தேசத்தில் வெடித்து, நேராகப் போய், சொன்ன இடத்தில் பட்டிருக்கிறது. சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். கூட்டம் கலைகிறவரைக்கும் பொறுத்திருந்து, காதருகே குனிந்தாள்.

"ஏங்க, அப்ப கடையிலேயே வாங்கியிருக்கலாமே?"

உலகத்தில் ஏற்கெனவே நன்றாக இருக்கிற ஒன்றை, யாரும் கேட்காமலே, மூன்று வருஷம் பாடுபட்டு அதே அளவு நன்றாக மறுபடியும் செய்து முடிக்கிற சுகத்துக்குத்தான் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.